காய்கறிப் பயிர்களைக் காக்கும் பாக்டீரியாக்கள்

மாலையில் பசுமையாக நின்ற தக்காளி நாற்றங்காலில், மறுநாட் காலையில் வட்டம் வட்டமாக நாற்றுக்கள் சாய்ந்து கிடப்பதைக் காய்கறி பயிரிடுவோர் பலரும் கண்டிருப்பர். சாய்ந்த நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், இலைகள் இன்னும் பச்சையாகவே இருக்கும். தரையை ஒட்டிய தண்டுப் பகுதி மட்டும் நீர் கோத்து, நூல்போல் மெலிந்து, அழுகியிருக்கும். இதுவே நாற்றழுகல் நோய். மண் ஈரமாகவும் நாற்றுக்கள் நெருக்கமாகவும் இருந்தால், இரண்டு மூன்று நாட்களில் பாத்தியின் பெரும் பகுதியை இந்நோய் வெறுமையாக்கிவிடும்.

விதையின் விலையை மட்டும் கொண்டு இவ்விழப்பைக் கணக்கிடலாகாது. மறுபடியும் விதைத்து நாற்று வளர்க்க ஏறத்தாழ ஒரு மாதம் வேண்டும். அதற்குள் நடவுப் பருவம் கடந்துவிடும். சந்தையில் நல்ல விலை கிடைக்கும் காலமும் போய்விடும். சிறு நிலமுடைய குடியானவருக்கு ஒரு நாற்றங்காலின் அழிவு ஒரு பருவத்தின் வருமானத்தையே இழப்பதாகும்.

இந்நோயையும் இதனையொத்த வேர் நோய்களையும் தடுக்க, மண்ணிலேயே வாழும் சில நன்மை தரும் பாக்டீரியாக்கள் உதவுகின்றன. இவற்றை ஏந்திய தூள்களும் திரவங்களும் இந்தியாவில் விற்பனையாகின்றன. ஆயினும், ஒரு கிராமத்தில் நல்ல பயன் கண்ட அதே தூள், அடுத்த கிராமத்தில் பயனற்றது என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. இவ்வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் யாது? பொட்டலத்தில் இருப்பது மருந்து அன்று, உயிர் என்பது மறக்கப்படுவதே. உயிருள்ள பொருள் உயிரோடு இருந்தாக வேண்டும். பகைவன் வருமுன் தன் இடத்தில் அமர்ந்தாக வேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறுமாறு செய்வது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

நோயை உண்டாக்கும் உயிர்கள்

நாற்றழுகலை உண்டாக்குபவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுள் முதன்மையானவை பித்தியம், ரைசாக்டோனியா என்பன. பித்தியம் நீர் தேங்கிய மண்ணில் விரைந்து பரவுவது. நீரில் நீந்திச் செல்லும் வித்துக்களைத் தோற்றுவிப்பது. ரைசாக்டோனியா நூலிழைகளாக மண்ணில் படர்ந்து தண்டைப் பற்றுவது. இவை இருமுறைகளில் தாக்கும். முளை தரைக்கு மேல் வருமுன்னரே அழுகுவது முதலாவது; இதனைப் பலரும் விதையின் குறை என்று தவறாகக் கருதுவர். முளைத்து வந்த நாற்று சாய்ந்து மடிவது இரண்டாவது.

நட்ட வயலில் தோன்றும் வாடல் நோய்கள் வேறு. தக்காளியில் பியூசேரியம் என்னும் பூசணத்தால் ஒருவகை வாடல் உண்டாகும். இதில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, செடி மெல்ல மெல்ல வாடும். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்னும் பாக்டீரியாவால் மற்றொரு வகை வாடல் உண்டாகும்; இதில் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரெனத் துவண்டுவிடும். இந்தப் பாக்டீரியாவை 1896ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் விவரித்தார். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய ஒரே குடும்பப் பயிர்களை இது தாக்கும். கேரளம், கோவா, கொங்கணக் கரை, ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய பகுதிகளில் இதன் கொடுமை மிகுதி.

வேரைச் சூழ்ந்த மண்

மண் முழுவதும் ஒரே தன்மையது அன்று. வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் கனமுள்ள மண்ணில், பிற பகுதிகளைக் காட்டிலும் பன்மடங்கு பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சர்க்கரைகள், அமினோ அமிலங்கள் முதலிய உணவுப் பொருள்களை வேர் இடைவிடாது கசியவிடுவதே இதற்குக் காரணம். இந்த மண்டலத்தின் சிறப்பை உணர்ந்து, 1904ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிப்பெயர் சூட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி லோரென்ஸ் ஹில்ட்னர். தமிழில் இதனை வேர்ச்சூழல் என்று கூறலாம்.

வேர்ச்சூழல் ஓர் அன்னசத்திரம் போன்றது. உணவு அங்கே கிடைக்கும் என்பதை நன்மை செய்யும் உயிரும் அறியும். தீமை செய்யும் உயிரும் அறியும். முளைக்கும் விதையிலிருந்து கசியும் சர்க்கரையே உறங்கிக்கிடக்கும் பித்திய வித்துக்களைத் தட்டியெழுப்புகிறது. எனவே, அவ்வுணவை யார் முந்திக் கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே நாற்றின் வாழ்வும் சாவும் பெரிதும் அமைகின்றன.

இருவகைக் காவலர்

காய்கறிப் பயிர்களில் மிகுதியாக உபயோகிக்கப்படும் பாக்டீரியாக்கள் இருவகையின. இரண்டின் இயல்பும் வேறுவேறு; களப் பணியாளர் இவ்வேற்றுமையை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும்.

முதல்வகை, சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். இது வேரின்மீது விரைவாகப் பரவிப் பெருகும். இரும்புச் சத்துக் குறைந்த வளர்ப்புக் கூழில் இதனை வளர்த்துப் புற ஊதாக் கதிரின் கீழ் வைத்தால், பசுமஞ்சள் ஒளி வீசும். இதன் பெயரும் இவ்வொளியைக் குறிப்பதே. இது வெப்பத்தைத் தாங்காது. 41 பாகை சென்டிகிரேடில் பெருகாமை இவ்வினத்தை அடையாளம் காட்டும் குணங்களுள் ஒன்று. உறங்கு வித்துக்களை இது தோற்றுவிப்பதில்லை.

இரண்டாம் வகை, பேசில்லஸ் சப்டிலிஸ். வைக்கோலை நீரில் ஊறவைத்தால் எளிதில் தோன்றும் பாக்டீரியா இது. உணவும் ஈரமும் குறையும்போது, இது தன் உடலுக்குள் தடித்த உறையுடைய உறங்கு வித்து ஒன்றை அமைத்துக்கொள்ளும். அவ்வித்து கொதிநீரையும் சிறிது நேரம் தாங்கவல்லது. இவ்வுண்மையை 1876ஆம் ஆண்டில் ஃபெர்டினாண்ட் கோன் என்னும் ஜெர்மானிய அறிஞர் வைக்கோல் ஊறல் நீரைக் கொதிக்கவைத்துச் செய்த சோதனைகளால் விளக்கினார். ஆகவே பேசில்லஸ் தயாரிப்புகள் சேமிப்பில் நெடுநாள் உயிரோடு இருக்கும். சூடோமோனாஸ் தயாரிப்புகள் சில மாதங்களே வீரியத்துடன் இருக்கும்.

பயிரைக் காக்கும் நான்கு வழிகள்

முதலாவது, இடத்தையும் உணவையும் முன்னரே கைப்பற்றுதல். வேரின் மேற்பரப்பில் சாறு மிகுதியாகக் கசியும் இடங்களில் நன்மை தரும் பாக்டீரியாக்கள் குடியேறிவிட்டால், பின்னர் வரும் நோயுயிருக்கு ஊட்டம் குறைகின்றது.

இரண்டாவது, இரும்பைப் பறித்தல். மண்ணில் இரும்பு நிறைய உண்டு. ஆனால் அது நீரில் எளிதிற் கரைவதில்லை. சூடோமோனாஸ் ஒருவகைப் பொருளை வெளியிட்டு, அதனால் இரும்பைப் பிணைத்துத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. அவ்வளவு வலிமையாக இரும்பைப் பற்ற இயலாத பூசணங்கள் வளர்ச்சி குன்றுகின்றன. 1980ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் ஜோசப் குளோப்பரும் அவருடன் பணியாற்றியோரும் இதனை ஆராய்ந்தனர். நோய் மிகுந்த மண்ணில் இந்தப் பாக்டீரியாவையோ, அது வெளியிடும் இரும்புப் பிணைப்பியை மட்டுமோ சேர்த்தபோது, பியூசேரிய வாடல் குறைந்தது. நோயைத் தடுக்கும் மண்ணில் கரையும் இரும்பைச் சேர்த்தபோது, அம்மண் தன் காக்கும் ஆற்றலை இழந்தது. காரணத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து உண்மை காணும் விஞ்ஞான முறைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மூன்றாவது, பகைவனை ஒடுக்கும் பொருள்களைச் சுரத்தல். 1979ஆம் ஆண்டில் டெக்சாசில் ஹோவல், ஸ்டிப்பனோவிக் என்னும் இருவர், சூடோமோனாஸ் சுரக்கும் பைரால்நைட்ரின் என்ற பொருள் பருத்தி நாற்றுக்களை ரைசாக்டோனியாவிடமிருந்து காப்பதைக் கண்டனர். இத்தகைய பொருள் மண்ணில் உண்மையாகவே சுரந்து செயற்படுகின்றதா என்ற ஐயம் பின்னும் இருந்தது. 1988ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தில் லிண்டா தோமாஷோவும் டேவிட் வெல்லரும், கோதுமை வேர் நோயை அடக்கும் ஒரு சூடோமோனாஸ் வகையை எடுத்து, அதன் நச்சுப்பொருளைச் சுரக்கும் திறனை நீக்கினர். காக்கும் ஆற்றல் குறைந்தது. அத்திறனை மீட்டளித்தனர், ஆற்றலும் மீண்டது. பேசில்லஸ் சப்டிலிஸும் இட்யூரின், சர்ஃபாக்டின் முதலிய பொருள்களைச் சுரந்து பூசணங்களின் உறையைச் சிதைக்கின்றது.

நான்காவது, செடியையே விழிப்படையச் செய்தல். வேரில் குடியேறிய பாக்டீரியா, தான் எட்டாத இலையையும் காக்கக்கூடும். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமாவில் வெள்ளரியில் செய்த சோதனையில், விதையில் பாக்டீரியா பூசப்பட்ட செடிகளின் இலைகளில் பூசண நோயின் புள்ளிகள் குறைந்திருந்தன. பூசணம் இலையில், பாக்டீரியாவோ வேரில். இரண்டும் சந்திக்கவே இல்லை. செடியின் உள்ளுறை எதிர்ப்பாற்றலைப் பாக்டீரியா தூண்டிவிட்டதே இதன் விளக்கம்.

இந்நான்கு வழிகளிலும் பொதுவாக விளங்குவது ஒன்றுண்டு. இடம்பிடித்தல், இரும்பைப் பறித்தல், சுரத்தல், தூண்டுதல் ஆகிய யாவும் வாழும் உயிரின் செயல்கள். இவற்றுக்குச் சில நாட்களேனும் காலம் வேண்டும். ஆகவே, நோய் தோன்றியபின் இத்தூளை ஊற்றிப் பயனை எதிர்பார்ப்பது, வெள்ளம் வீட்டிற்குள் புகுந்தபின் கரை கட்ட முனைவது போலாகும்.

முந்தியவர்க்கே இடம்

கோடையில் நாற்றங்கால் மண்ணை நீர் பாய்ச்சி, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் விரிப்பால் 4 முதல் 6 வாரங்கள் வரை மூடிவைத்தால், வெயிலின் வெப்பத்தால் நோயுயிர்கள் பெரும்பாலும் மடிகின்றன. இம்முறையை 1976ஆம் ஆண்டில் இஸ்ரேலில் கட்டானும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். இந்தியாவின் கடுங்கோடை இதற்கு மிகவும் ஏற்றது.

எனினும், வெப்பம் பகைவரோடு நண்பர்களிலும் பலரை அழித்துவிடுகிறது. விரிப்பை நீக்கியபின் அம்மண் பாதி வெறுமையான வீடு போன்றது. அதில் முதலிற் புகுவது நோயுயிராயின், தடுப்பாரின்றி அது முன்னிலும் வேகமாகப் பரவும். அடுத்த பாத்தியிலிருந்து மண்வெட்டியில் ஒட்டிவரும் சிறிது மண்ணே இதற்குப் போதும். ஆகையால், விரிப்பை நீக்கி மண் ஆறியவுடன், பாக்டீரியா கலந்த தொழு உரத்தை இடுதல் வேண்டும். குழித்தட்டுகளில் தென்னை நார்க்கழிவை இட்டு நாற்று வளர்ப்போர்க்கும் இவ்விதி பொருந்தும். விதைக்கு முன்னரே நார்க்கழிவில் பாக்டீரியாவைக் கலந்துவிட வேண்டும்.

உபயோகிக்கும் முறை

கோயமுத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பாக்டீரியாவை டால்க் தூளில் ஏற்றிக் கொண்டைக்கடலையின் வாடலைத் தடுக்கும் தயாரிப்பை வித்யசேகரனும் முத்தமிழனும் உருவாக்கி, 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்தகைய டால்க் தூள் தயாரிப்புகளை இந்நாட்டில் காய்கறிகளுக்குக் கீழ்க்கண்டவாறு உபயோகிக்கின்றனர். பொட்டலத்தின் மீதுள்ள சீட்டில் வேறு அளவு குறிக்கப்பட்டிருந்தால், அவ்வளவையே கைக்கொள்ள வேண்டும்.

1. விதை நேர்த்தி. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள். ஆறிய அரிசிக் கஞ்சி சிறிதளவில் விதையைப் பிசறி, தூளைச் சேர்த்துப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். தக்காளிக்கு வேண்டிய விதை எக்டருக்குச் சில நூறு கிராம்களே. ஆகவே தூளும் சில கிராம்களே தேவை. காய்கறி விதைகளுக்கு இதனினும் சிக்கனமான பாதுகாப்பு அரிது.

2. நாற்றங்கால். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மேட்டுப்பாத்தியில், மட்கிய தொழு உரத்துடன் தூளைக் கலந்து மேல் மண்ணில் கிளறிவிட்டுப் பின்னர் விதைக்க வேண்டும்.

3. வேர் நனைத்தல். நடுவதற்குமுன், ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் தூள் கரைத்த கரைசலில் நாற்றுக்களின் வேரை 20 முதல் 30 நிமிடம் வரை நனைக்க வேண்டும்.

4. நடவு வயல். எக்டருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ தொழு உரத்துடன் கலந்து, மண்ணில் ஈரமிருக்கும்போது வேர்ப்பகுதியில் இடவேண்டும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முறையில், ஒரு டன் தொழு உரத்துக்கு 2 கிலோ என்ற அளவில் தூளைக் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் மூடி, 15 நாட்கள் பெருகவிட்டு, பின்னர் வயலில் இடுகின்றனர்.

இவற்றுடன் சில விலக்குகளையும் நினைவிற் கொள்ள வேண்டும். தாமிரம் சேர்ந்த பூசணக்கொல்லிகளோடும், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளோடும் இதனைக் கலக்கலாகாது. பிளீச்சிங் தூள் இட்ட குழாய்நீரில் கரைக்கலாகாது. கிணற்று நீர் நன்று. மருந்து தெளித்த கைத்தெளிப்பானை நன்கு கழுவாமல் இதற்கு உபயோகிக்கலாகாது. உச்சி வெயிலில் இடுதலும், காய்ந்த மண்ணில் தூவுதலும் வீண்.

பொட்டலத்தை அறிதல்

விற்பனைக்கு வரும் பொட்டலங்களுள் யாவும் தரமானவை என்று கொள்ளுதற்கில்லை. உயிரற்ற தூளை உபயோகித்து ஏமாந்த குடியானவர், அடுத்த முறை நல்ல தூளையும் நம்பமாட்டார். அந்த அவநம்பிக்கை அவரோடும் நிற்பதில்லை. அவருடைய அண்டை வயல்களுக்கும் பரவும். எனவே, பரிந்துரைக்கும் பணியாளர் பொட்டலத்தைக் கையில் எடுத்துச் சிலவற்றைக் கவனித்தல் கடமையாகும்.

நோய்க் கட்டுப்பாட்டுக்கென விற்கப்படும் பாக்டீரியாத் தயாரிப்புகள், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவெண் சீட்டில் உள்ளதா என்று காணவேண்டும். பாக்டீரியாவின் பெயரும், ஒரு கிராமில் உள்ள உயிர்க்கூறுகளின் எண்ணிக்கையும், தயாரித்த நாளும், காலாவதி நாளும் தெளிவாக இருத்தல் வேண்டும். ஒரு கிராமில் 10 கோடி என்னும் அளவில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருப்பது நல்ல தயாரிப்பின் இலக்கணம்.

நாள் கடவாத பொட்டலமும் உயிரிழந்திருக்கக்கூடும். வெயில் படும் கடை வாயிலிலும், தகரக் கூரையின் கீழும், உர மூட்டைகளுக்கும் பூச்சிமருந்துக் குப்பிகளுக்கும் இடையிலும் கிடந்த சூடோமோனாஸ் பொட்டலம் ஐயத்துக்கு உரியது. குளிர்ந்த நிழலில் வைக்கும் கடையிலோ நிலையத்திலோ, புதிதாகத் தயாரித்ததை, அவ்வப்போதைய தேவைக்கு மட்டும் வாங்குவதே முறை. ஐயம் எழுந்தால், அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ பல்கலைக்கழகத்திலோ உயிர் எண்ணிக்கையைச் சோதிக்கக் கேட்டறியலாம். அங்கே தூளை நீரில் பலமுறை நீர்க்கச் செய்து, வளர்ப்புக் கூழில் பரப்பி, தோன்றும் திரள்களை எண்ணுவர்.

இம்முறையின் எல்லை

நன்மை தரும் பாக்டீரியாக்களால் எல்லாம் ஆகும் என்று கூறுவது, அவற்றால் ஒன்றும் ஆகாது என்று கூறுவதைப் போலவே தவறு. பாக்டீரிய வாடலே இதற்குச் சான்று. ரால்ஸ்டோனியா, வேர்க்காயங்களின் வழியே நுழைந்து, நீர் செல்லும் குழாய்களுக்குள் பெருகி, அவற்றை அடைத்துவிடுகிறது. வேருக்கு வெளியே இருக்கும் காவலனால், உள்ளே புகுந்துவிட்ட பகைவனை வெளியேற்ற இயலாது. வாடிய செடியின் அடியில் எவ்வளவு கரைசல் ஊற்றினும் அது மீளாது.

எனவே, வாடல் கண்டவுடன் அதன் வகையை முதலில் அறிய வேண்டும். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அதன் வெட்டுமுகம் நீரைத் தொடுமாறு பிடித்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணூல் நீரில் இறங்கினால் அது பாக்டீரிய வாடல். பூசண வாடலில் இவ்வாறு இறங்காது.

பாக்டீரிய வாடல் உள்ள நிலத்தில் முதற்காவல் எதிர்ப்பு வகைகளே. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சக்தி, முக்தி, அனகா ஆகிய தக்காளி வகைகளும், சூர்யா, சுவேதா, ஹரிதா ஆகிய கத்தரி வகைகளும் இத்தகையன. எதிர்ப்பாற்றல் உள்ள கத்தரியின் வேர்ப்பகுதிமேல் தக்காளியை ஒட்டுக்கட்டி நடுவதும் நற்பயன் தருகிறது. நோயுற்ற செடிகளை வேரோடு அகற்றுதல், நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு வழியவிடாமை, நெல் போன்ற வேற்றுக் குடும்பப் பயிரை மாற்றிப் பயிரிடுதல் ஆகியவையும் இன்றியமையாதன. நடவுக்கு முன் இட்ட பாக்டீரியா இவ்வேற்பாடுகளுக்குத் துணையாகும், இவற்றுக்கு ஈடாகாது. நாற்றழுகலிலும் அவ்வாறே: நீர் தேங்கும் பாத்தியையும் நெருங்கிய விதைப்பையும் வைத்துக்கொண்டு பாக்டீரியாவைக் குறைகூறுதல் தகாது.

பள்ளியில் செய்யத்தக்க பரிசோதனை

வேளாண்மையும் உயிரியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், இப்பாடத்தின் மையக் கருத்தை நான்கு வகைச் சட்டிகளைக்கொண்டு மாணவர்க்குக் காட்டலாம். நாற்றழுகல் கண்ட ஒரு பாத்தியிலிருந்து மண் எடுத்துக் கட்டிகளை உடைத்துக் கலந்துகொள்ள வேண்டும். புதிய சூடோமோனாஸ் தூள் ஒரு பொட்டலமும், நேர்த்தி செய்யப்படாத தக்காளி விதையும் வேண்டும்.

முதற்சட்டி: நோய் மண், விதைக்கு நேர்த்தியில்லை.
இரண்டாம் சட்டி: நோய் மண், விதைக்குச் சூடோமோனாஸ் நேர்த்தி.
மூன்றாம் சட்டி: நோய் மண், நீரில் கரைத்துக் கால்மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்ட அதே தூளால் விதை நேர்த்தி.
நான்காம் சட்டி: ஒரு மணி நேரம் நீராவியில் அவித்து ஆறவைத்த மண், விதைக்கு நேர்த்தியில்லை.

ஒவ்வொரு வகையிலும் மும்மூன்று சட்டிகள் வைத்து, சட்டிக்கு 50 விதை இட்டு, ஒரே அளவு நீர் ஊற்றி, மண்ணைச் சற்று மிகை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பத்தாம் நாளில் முளைத்தவற்றையும், இருபத்தைந்தாம் நாளில் உயிரோடு நிற்பவற்றையும் மாணவர் எண்ணிப் பட்டியலிட வேண்டும்.

இரண்டாம் சட்டியையும் மூன்றாம் சட்டியையும் ஒப்பிடுதலே இப்பரிசோதனையின் உயிர்நாடி. இரண்டிலும் இட்டது ஒரே தூள். வேற்றுமை உயிர் ஒன்றே. முதற்சட்டியில் நோய் தோன்றாவிடின், அப்பரிசோதனை எதையும் மெய்ப்பிக்கவில்லை என்று ஆசிரியர் வெளிப்படையாகக் கூறி, மறுபடியும் செய்விக்க வேண்டும். எதிர்பார்த்த விடை வராதபோது எண்களைத் திருத்தாமை மாணவர் கற்கவேண்டிய மற்றொரு பாடம். பரிசோதனை முடிந்ததும், மண்ணின்மேல் கொதிநீர் ஊற்றி, பயிர் நிலத்திற்குத் தொலைவில் கொட்டிவிட்டு, மாணவர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

முடிவுரை

மண் நோய்களை அடக்கும் ஆற்றல் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றது. அவ்வாற்றலைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிப் பொட்டலத்தில் அடைத்துத் தருவது ஆராய்ச்சி நிலையத்தின் பணி. அதனை உயிரோடு, உரிய காலத்தில், நாற்றின் வேரடியில் கொண்டு சேர்ப்பது களப் பணியாளரின் பணி. இவ்விரண்டில் பின்னது தவறினால் முன்னது பயனற்றுப்போம். விதைக்கும் நாளுக்கு முன்னரே குடியானவரின் வீட்டுக்குச் சென்று, பொட்டலத்தின் நாளைப் பார்த்து, விதையைக் கஞ்சியில் பிசறிக் காட்டும் பணியாளர், நோய் வந்தபின் பத்து முறை செல்வதிலும் மிகுந்த பயனை விளைவிப்பார்.

பயிற்சி வினாக்கள்

1. முளைக்காத விதையை அழுகிய விதையினின்றும் வேறுபடுத்தி அறிவது ஏன் இன்றியமையாதது?
2. சூடோமோனாஸ் பொட்டலத்தையும் பேசில்லஸ் பொட்டலத்தையும் கோடையில் ஒரே தகரக் கொட்டகையில் இரு மாதம் வைத்தால், எதில் உயிர்க்குறைவு மிகுதியாகும்? காரணம் கூறுக.
3. பாலித்தீன் விரிப்பால் சூடேற்றிய மண்ணில் பாக்டீரியாவை உடனே இடவேண்டுவது ஏன்?
4. வேரில் உள்ள பாக்டீரியா இலை நோயைக் குறைத்ததை விளக்குக.
5. உங்கள் பகுதியில் வாடிய தக்காளிச் செடி ஒன்றைக் குவளை நீரில் சோதித்து, கண்டதை எழுதுக.